பச்சைக் கோடு போட்ட ஆடுகள்

1

இந்த வைகாசியோடு நான் மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் நிறைகின்றன. ஒவ்வொரு வைகாசியிலும் போடியில் இருக்கும் நண்பர்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது என் வழக்கம். போன ஆண்டு படகுத்துறையைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தைய ஆண்டு, மிளகு வாசனை எந்த மாதத்தில் எங்கள் தெருவைவிட்டுப் போகிறது என்பதைப் பற்றி. இந்த ஆண்டு எழுத உட்கார்ந்தால் ஆடுதான் வருகிறது.

எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று நாள்காட்டிகள் தொங்குகின்றன. தமிழ் நாள்காட்டியை என் மைத்துனர் அனுப்பிவைக்கிறார். மலையாள நாள்காட்டி பத்திரிகையோடு வந்தது. பிறைக் கணக்கு உள்ள மூன்றாவதை, மூலைக்கடை அரிசி வியாபாரி கொடுத்தார். வைகாசியும் மலையாளத்து இடவமும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்து ஒன்றாக முடியும். பிறை மாதம் மட்டும் யாருக்கும் காத்திராமல் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். நான் வந்த புதிதில் பக்ரீத் மாசியில் வந்தது. இப்போது அது நகர்ந்து நகர்ந்து, வைகாசியில், மழைக்குச் சற்று முன்னால் வந்து நிற்கிறது. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் ஆடுகளை யாரும் மேய்ப்பதில்லை. காலையில் கதவைத் திறந்துவிட்டால் அவை சந்து சந்தாக வந்து சேர்ந்து, கூட்டமாகக் கடைத்தெருவுக்குப் போகும். காய்கறிக் கழிவு, கிழிந்த அட்டைப்பெட்டி, சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ் என்று கிடைப்பதைத் தின்னும். உச்சி வேளையில் சுக்கு மண்டிப் படிகளில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். வெயில் தாழ்ந்ததும் எழுந்து, லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நடந்து, அதது தன் வீட்டு வாசலில் பிரிந்து உள்ளே போய்விடும். நான் கணக்கு எழுதுவது அந்தச் சுக்கு மண்டிகளில் ஒன்றில்தான். எத்தனையோ மதியங்களில் பேரேட்டிலிருந்து தலை தூக்கியபோது அந்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒருவர் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2

என் மகள் நிவேதா முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விலங்குகளின் நடத்தை, அது பரிணாமத்தில் உருவான விதம், இதுதான் பாடம். அவளோடு பள்ளியில் படித்தவர்கள் பாதிப்பேர் காக்கநாட்டில் கணினி வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் ஆறாம் வகுப்பில் ஜன்னலில் கூடு கட்டிய குளவியைப் பார்க்க ஆரம்பித்தவள், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

சேரும்போது பூர்விகச் சான்றிதழ் கேட்டார்கள். பிறந்தது மட்டாஞ்சேரி, படித்தது மட்டாஞ்சேரி, வேறு ஊரில் ஒரு மாதம் தொடர்ந்து தூங்கியதில்லை. ஆனால் தந்தை பிறந்த ஊர் என்ற கட்டத்துக்கு வந்ததும் வில்லேஜ் ஆபீஸ் அம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எந்த ஊர், ஏன் வந்தேன், திரும்பிப் போவேனா என்று மரியாதையாகத்தான் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது நிவி, "இல்ல மேடம், போவில்ல" என்று மலையாளத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சான்றிதழ் வந்தது. அந்தப் பதிலை அவள் யாரைக் கேட்டுச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு அவள் தெரு ஆடுகளைத் தேர்ந்தெடுத்தாள். மாலையில் வீடு திரும்பும் நடையை எந்த ஆடு தொடங்குகிறது, மற்றவை எதைப் பின்பற்றுகின்றன என்பதுதான் கேள்வி. என் மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"மாப்ள, இங்க போடியில ஆடு மேய்க்க ஆள் கிடைக்காமத் தவிக்கிறாங்க. நிவியை அனுப்பிவைங்க. சம்பளமும் சாப்பாடும் குடுப்பாங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் குறுக்கே புகுந்தாள். "மாமா, நான் மேய்க்கில்ல. ஆடு முன்னால போகும், நான் பின்னால நடக்கும்."

"அப்பச் சம்பளம் ஆட்டுக்கா?"

"பின்னே? வேலை செய்யறது அதல்லவா?"

அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு, "நான் நடக்கும்" என்பதுதான் காதில் நின்றது. நான் நடப்பேன் என்று நூறு முறை திருத்தியிருக்கிறேன். மலையாளத்தில் ஆளுக்கு ஏற்ப வினை மாறுவதில்லை. நான் நடக்கும், நீ நடக்கும், ஆடு நடக்கும், எல்லாம் ஒன்றுதான். இப்போதெல்லாம் திருத்துவதில்லை. ஆடுகளின் பின்னால் போகும் பெண்ணுக்கு அந்த இலக்கணம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

3

ஆடுகளைத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும் அல்லவா? கால்நடை மருந்துக் கடையில் மெழுகுக் குச்சி விற்கிறார்கள். தோலுக்குக் கேடில்லை, மழைக்கும் சட்டென்று போகாது. பச்சைக் குச்சி ஒன்றை வாங்கிவந்து, ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அனுமதி வாங்கி, ஆட்டின் தொடையில் கோடு போட்டாள். ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்குக் கோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். பெயர் வைக்கக் கூடாது என்பது அவளுடைய வழிகாட்டியின் கட்டளை. பெயர் வைத்தால் குணம் வைத்துவிடுவோமாம்.

கூட்டத்தில் முன்னால் நடந்தது மூன்று கோடு. கூட்டத்திலேயே வளர்ந்த கிடா அது ஒன்றுதான். கரிய உடம்பு, வளைந்த கொம்பு, நெற்றியில் ஒரு கைப்பிடி வெள்ளை. அது தலையைத் தூக்கிக்கொண்டு பஜார் நடுவில் நடந்தால் சுமை தூக்குபவர்கள்கூட வழிவிடுவார்கள். இந்தக் கூட்டத்தை நடத்துவது மூன்று கோடுதான் என்று நிவி உறுதியாக நம்பினாள். அதை மெய்ப்பிக்க இடவம் முடியும்வரை தினமும் மாலை நடையைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தக்காரியான சுலேகா இத்தாவுக்கு (இத்தா என்றால் அக்கா) வழிகாட்டியின் கட்டளை எதுவும் கிடையாது. அவர் அதைச் சுல்தான் என்று கூப்பிட்டார்.

பகல் வேளைகளில் நான் மண்டியில் இருக்க, அவள் எதிர்ப்பக்கம் பூட்டிக்கிடக்கும் பழைய கிடங்கின் நிழலில் உட்கார்ந்திருப்பாள். நடுவில் தெரு. காயவைத்த சுக்கின் தூள் வெயிலில் மெல்ல மேலே எழும். ஆடுகள் படியிலும் கைவண்டியிலும் அடுக்கிய சாக்குகளின் மீதும் ஏறிப் படுத்திருக்கும். தரையில் இவ்வளவு இடம் இருக்க ஏன் மேலே ஏறுகின்றன என்று ஒருநாள் கேட்டேன்.

அவளுடைய பாடத்தில் எந்த நடத்தையைப் பற்றியும் நான்கு விதமாகக் கேட்கலாமாம். இந்த நிமிடம் அதை எது தூண்டுகிறது? குட்டியிலிருந்து அது எப்படி வளர்ந்தது? உயிர் பிழைக்க அதனால் என்ன பயன்? எந்த மூதாதையிடமிருந்து வந்தது? நான்கும் வேறு வேறு கேள்விகள். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குச் சொல்லக் கூடாது.

"இதுக்க நாலாவது கேள்விதான் ரசம், அப்பா. ஆட்டுக்க மூதாதை காட்டுல, செங்குத்தான பாறையில ஜீவிச்சது. உயரத்துல நின்னா ஓநாய்க்கு எட்டாது. இங்க ஓநாயும் இல்ல, மலையும் இல்ல. ஆனா காலுக்கு அது அறியாது."

அதன் பிறகு பல மதியங்களில் அந்தத் தெரு எனக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தது. கடல் மட்டத்தை ஒட்டிக்கிடக்கும் இந்த ஊரில், உப்புக்காற்றில், சாக்கு மூட்டைகளின் மேல் நின்றுகொண்டு அவை பாறை விளிம்பில் நிற்பதுபோல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதைப் பார்க்கின்றன என்று நானும் அந்தத் திசையில் பார்ப்பேன். மின்கம்பி, காகம், படகின் புகை. கண் சொக்கும். பேரேட்டில் ஒரு வரியை இரண்டு முறை கூட்டிவிடுவேன்.

4

சுலேகா இத்தாவின் வீடு பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார். ஓட்டல் ஒன்றுக்குப் பத்திரி என்னும் அரிசி ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார். கூரைத் தகரம் போன மழையிலேயே ஓட்டையாகிவிட்டது. பக்ரீத் பெருநாளைக்கு முன் கிடாவை விற்று, மழைக்கு முன் தகரம் மாற்றுவது என்பது அவருடைய கணக்கு. அதற்காகவே முதல் முறையாக ஒரு கிடாவை இரண்டு ஆண்டுகள் வளர்த்தார்.

பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் தரகர்கள் தெருவில் நடந்துகொண்டே ஆடு பார்ப்பார்கள். பிடித்தால், இது யாருடையது என்று கேட்டு வீட்டுக்குப் போய் விலை பேசுவார்கள். மற்ற சந்துகளில் கிடாக்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சுல்தானைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

"ஒரு ஆளும் வந்நில்ல மோளே," என்று இத்தா நிவியிடம் சொல்லும்போது நானும் உடன் இருந்தேன். "என்றெ சுல்தானு எந்தா ஒரு குறவு?" அவர் கிடாவின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார், காதைத் தூக்கிக் காட்டினார். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மாலைச் சாயாவுக்குப் போனபோது கடை பெஞ்சில் கபீர் உட்கார்ந்திருந்தார். படகில் போகும் அக்கரைத் தீவான வைப்பினைச் சேர்ந்த ஆட்டுத் தரகர். எதிரே படியில் சுல்தான் படுத்திருந்தது. இவ்வளவு நல்ல கிடாவை ஏன் யாரும் கேட்கவில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

அவர் என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது கச்சவடம் கழிஞ்ஞ ஆடல்லே சேட்டா? பச்ச வர கண்டில்லே?"

விலைபோன ஆடாம். முன்பணம் கொடுத்தவர் ஆட்டின்மேல் மெழுகுக் குச்சியால் கோடு போட்டுவிட்டுப் போவாராம். பெருநாளன்று காலைவரை அது சொந்தக்காரர் வீட்டிலேயே நிற்கும். கோடு போட்ட ஆட்டை இன்னொருவர் விசாரிப்பது தொழில் மரியாதை இல்லை. அதே மருந்துக் கடை, அதே குச்சி. கோடு போட்டது யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று தரகருக்குத் தெரியும். ஆனால் தரகர் வீட்டுக்குப் போகவே இல்லை. தெருவிலேயே பார்த்துவிட்டுக் கடந்துபோய்விட்டார்.

சாயா ஆறிப்போனது. பிறைக் கணக்குப்படி பெருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

5

வீட்டில் சொன்னேன். சாந்தி, என் மனைவி, "அடப்பாவமே!" என்று அடுப்பைத் தணித்தாள். நிவி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பிறகு, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்பா, பெருநாள் கழியறவரைக்கும் நான் ஒண்ணும் பறையலைன்னா?"

சாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது ஜீவிக்கும். அடுத்த வருஷம் இன்னும் பெருசாகும், அப்ப விக்கலாம். எனக்கு இடவம் முடியற வரை போதும். மூன்று கோடு போயிட்டா எண்டெ பிராஜெக்ட் அங்கயே நிக்கும். முதல்ல இருந்து வேற கூட்டம் பாக்கணும், ஒரு வருஷம் போகும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது உயிரும் அல்லவா, அப்பா?"

"உயிர்தான்" என்றாள் சாந்தி. "உனக்கு அது உயிருங்கிறதனாலயா, மூணு கோடுங்கிறதனாலயா?"

நிவி எழுந்து கை கழுவப் போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது.

நான் கபீரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இது அவள் போட்ட கோடு, அவளே சொல்லட்டும் என்று விழுங்கிவிட்டேன். மகள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியாமல் காத்திருப்பது எனக்குப் புதிது. போடியில் என் தந்தை காத்திருந்ததில்லை. இதுதான் வழி என்பார், நடப்போம். இங்கே நானும் சாந்தியும் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித்தான் நடந்துகொண்டிருக்கிறோம், சில ஆண்டுகளாகவே. அவள் பேசும் மொழியில் பாதி எங்களுக்குப் பிந்தித்தான் வந்து சேர்கிறது.

காலையில் பல் விளக்கும் முன்பே செருப்பை மாட்டினாள். "வாங்கப்பா. தனியாப் போக பேடியா இருக்கு." பேடி என்றால் பயம்.

6

இத்தா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிவி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி மறைக்க நினைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள். அதைச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இத்தா கையிலிருந்த மாவை வழித்துப் போட்டார். மெதுவாகத்தான் கேட்டார். "என்றெ ஆட்டின்றெ மேலானோ நீ பரீட்ச எழுதியது?"

"இத்தா, எனிக்கு அறியில்லாயிருந்நு..."

"படிச்ச குட்டியல்லே நீ? ஒரு வாக்கு யாரோடெங்கிலும் சோதிச்சூடே?" யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்பது அதன் பொருள். பிறகு என்னைப் பார்த்தார். "சேட்டன் இருபத்தஞ்சு வர்ஷமாயி பஜாரில. சேட்டனும் கண்டில்லே?"

கண்டேன். ஆண்டுதோறும் கோடு போட்ட ஆடுகளைக் கண்டிருக்கிறேன். அது அழுக்கு என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன். இத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போய் வெளிச்செண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து நிவியின் கையில் கொடுத்தார். வெளிச்செண்ணெய் என்பது நம் தேங்காய் எண்ணெய். நிவி மண்டியிட்டு, சுல்தானின் தொடையில் எண்ணெய் விட்டு, பழைய துணியால் தேய்த்தாள். முதல் கோடு கலங்கி இரண்டாவதோடு சேர்ந்தது. மெழுகு மயிரில் திரண்டு திரண்டு வந்தது. கிடா அசையாமல் நின்று அவள் தோள்பையின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது. கோடு முழுக்கப் போனதும் கறுப்பு மயிர் எண்ணெயில் பளபளத்தது. முன்பைவிட நன்றாகவே இருந்தது.

"மதி," என்றார் இத்தா. போதும். "இனி என்றெ ஆடுகளுட பின்னால நீ வரண்டா."

நான் கபீரைத் தேடிப் படகுத்துறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆடு நடக்கணது படிக்கானோ? சர்க்காரு அதினும் காலேஜு வெச்சோ?" ஆனால் சாயாவை முடிக்காமலே எழுந்து வந்தார். மதியத்துக்குள் விலை பேசி முடிந்தது. நான் பக்கத்தில் நிற்கவில்லை. இத்தாவின் முகத்தைப் பார்த்தபோது, கேட்டது கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது.

வைப்பினுக்குப் போகும் படகுவரை நிவி பின்தொடர்ந்தாள். சுல்தான் இத்தாவின் ஆடு இல்லை என்று ஆகிவிட்டது, பின்னால் போகலாம் என்றாள். கபீர் கயிற்றை இழுக்கத் தேவையே இருக்கவில்லையாம். பலகை இறங்கியதும், ஸ்கூட்டர்களுக்கும் ஆட்களுக்கும் முன்னால், கிடா தானே நடந்து ஏறியதாம்.

"முன்னால நடக்கறது அதுக்க சுபாவம்," என்றாள் நிவி. 

7

அன்று மாலை நான் மண்டியிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். நிவி பூட்டிய கிடங்கின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வர வேண்டாம் என்றுதான் இத்தா சொன்னார், எதிரில் உட்கார வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது அவள் வாதம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்தது. தெரு செம்மஞ்சளாகிக் கொண்டிருந்தது. ஆடுகள் படிகளிலிருந்து எழுந்து, உடம்பை உதறி, மூலையில் வந்து கூடின. எப்போதும் சுல்தான் முதலில் நுழையும் சந்தின் வாய் அது. அங்கேயே நின்றன. லாரி ஒன்று ஒலி எழுப்பிற்று. ஒதுங்கி, மறுபடியும் வந்து நின்றன. ஒன்றிரண்டு எதையோ முகர்ந்தன. குட்டியொன்று கத்தியது. நிவி குறித்துக்கொள்ளக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஒரு படி இறங்கியது. ஊரே கனவில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

கடைசியில் நகர்ந்தது இரண்டு கோடு போட்ட கிழப் பெட்டை. கூட்டத்தின் நடுவில் நின்றதுதான். முன்னால்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே முகத்தைத் திருப்பிற்று, அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் திரும்பியது.

"அப்பா," என்று நிவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதுதான். முதல்ல இருந்தே இதுதானோ? மூன்று கோடு வெறுதே முன்னால நடந்துச்சோ?" இத்தனை நாள் பதிந்ததை எல்லாம் அந்தப் பெட்டையை வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணில் நீரும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. எதற்கு எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆடுகள் போன பிறகு மெதுவாக நடந்தோம். சந்து முனையில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே, இத்தா கதவைப் பிடித்துக்கொண்டு தன் ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் போய்விட்டன. கதவை மூடாமல் எங்களைப் பார்த்தார்.

"மோளே. இவிடெ வா."

நிவி போனாள்.

"பாக்கி ஆடெல்லாம் அவனெ தேடியோ?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இத்தாவுக்கு அது ஆறுதலாக இருக்கும். தேடவில்லை என்றும் சொல்லலாம். எதையும் குணம் வைத்துப் பார்க்காதே என்று படிப்பு சொல்கிறது. 

"மூலையில நின்னு இத்தா. எல்லா நாளையும்விடக் கூடுதல் நேரம் நின்னு. அவனெ தேடியதானோன்னு எனிக்கு அறியில்ல."

இத்தா கதவின் கொண்டியைத் தடவிக்கொண்டு நின்றார். தகரக் கூரையின் ஓட்டை வழியாக உள்ளே ஒரு துண்டு வானம் தெரிந்தது. தகரம் மாற்ற நாளைக் காலை ஆள் வருவதாக அவர் சொல்லியிருந்தார்.

"நாளையும் நிக்குமோ?"

"அறியில்ல, இத்தா."

"அப்போ நாளெயும் வா," என்றார். "வந்து நோக்கிட்டு எனிக்குப் பறயணும்."